கனம் குறைந்த குப்பி

18.11.2025, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு. பாதரசப் பாடம் என்று முன்பே தெரிந்தும் காதுத் தோட்டைக் கழற்றாமல் வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன். பாதரசம் பட்டால் தங்கம் அதை உறிஞ்சிக்கொண்டு வெளுத்துப்போகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. எல்லோர் முன்னாலும் கழற்ற வேண்டியதாயிற்று. இனிமேல் வகுப்புக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். மற்றபடி எல்லாம் சரியாக முடிந்தது.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு வேல்விழி நிம்மதியாகத் தூங்கினாள். விடிந்ததும் அந்த வரி பொய்யாகிப் போனது.

விருத்தாசலத்தில் டாக்டர் பாலகிருஷ்ணனின் பல் மருத்துவமனை பகலில் நோயாளிகளுக்கு, மாலையில் வகுப்புக்கு. பல் மருத்துவ உதவியாளர் பயிற்சியில் ஆறு பேர் படித்தார்கள். பகலில் மருத்துவமனையைத் திறந்து, துடைத்து, போனை எடுத்து, நோயாளிகளை வரிசைப்படுத்துவதும் வேல்விழியின் வேலைதான். இது போக டாக்டர் ஓர் ஆய்வு வேறு நடத்திக்கொண்டிருந்தார். செராமிக் பொம்மை செய்யும் தொழிலாளர்களின் பற்களும் வாயும் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொரு யூனிட்டாகப் பார்த்து வந்தார். அதில் கலந்துகொண்டவர்கள் மாலையில் வந்தால், மாணவர்களும் அவர்கள் வாயைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

புதன்கிழமை காலை அவள் ஷட்டரைத் தூக்கும்போதே உள்ளே போன் அடித்தது. மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள்.

"பாப்பா, நான் பச்சமுத்து பேசுறேன். டாக்டர் சாரு வந்துட்டாரா?"

"பத்து மணிக்குத்தான் வருவாருங்கண்ணே. என்ன விஷயம்?"

"என் முன்பல்லு தங்கம் இருக்குதில்ல, அத எடுத்துட்டு வெள்ளையா வச்சிக்கணும். இன்னைக்கே ஆவுமா?"

"ஒரே நாள்ல முடியாதுங்கண்ணே. அளவெடுத்து அனுப்பணும்."

"வெக்கிறது பொறவு பாத்துக்கலாம். எடுத்துட்டா போதும். பதினோரு மணிக்கு நான் சூளை பத்த வைக்கணும். சாயங்காலமா வரேன்."

அவர் வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. கார்த்திகை முகூர்த்தங்கள் வருகின்றன, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ அழகாகப் போக ஆசைப்படுகிறார் என்று நினைத்து, மாலை ஐந்து மணி கொடுத்தாள் வேல்விழி. பிறகு துணியை நனைத்து அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கண்ணாடி அலமாரி பூட்டியிருந்தது. திறந்தாள். மேல் தட்டில் அந்தச் சிறிய வெள்ளைக் குப்பி, நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. பல் ஓட்டையை அடைக்கப் பாதரசத்தைக் கையால் கலக்கும் காலம் போய்விட்டது. மிச்சமிருந்த பழைய சரக்கைக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்க வைத்திருந்தார்கள். அதற்கு முன் பாடத்துக்கு ஒருமுறை ஆகட்டும் என்றுதான் டாக்டர் நேற்று வெளியே எடுத்தார். மூடிய குப்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தபோது ஆளாளுக்குச் சிரித்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் குப்பி, செங்கல் மாதிரி கையைக் கீழே இழுத்தது.

அடியில் துடைக்க வேல்விழி அதைத் தூக்கினாள். அந்தக் கனத்துக்குத் தயாராகத் தூக்கிய கை, விசுக்கென்று மேலே போய்விட்டது.

குப்பி காலி.

குப்பியை அப்படியே வைத்தாள். அலமாரி பூட்டித்தானே இருந்தது? சாவி? இப்போது எங்கிருந்து எடுத்தோம்?

ஆணியில் தொங்கிய தன் ஏப்ரன் பையிலிருந்து.

பூட்டியதும் சாவியை டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. நேற்று இடைவேளையில் மழை விட்டதும், பக்கத்துக் கடை பஜ்ஜி வாசனைக்கு எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவளும் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓடினாள். சாவி அதிலேயே இருந்துவிட்டது. தோட்டைப் பற்றி மட்டும் நாட்குறிப்பில் எழுதியிருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்ததும் முதலில் அவளைத் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. அறைக் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, தரையில் டார்ச் அடித்து உருண்டை ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு போலீஸுக்குப் போன் செய்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் சண்முகப்ரியா ரெயின்கோட்டை உதறியபடி உள்ளே வந்தார்.

"பாதரசம்தானே சார்? தெர்மாமீட்டர்ல இருக்குமே, அதுக்கு ஏன் இவ்ளோ பதட்டம்?"

"கீழே கொட்டினா பெருக்கி எடுத்துடலாம் மேடம். அதை எவனாவது அடுப்புல வச்சான்னு வைங்க, ஆவி கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. மூடின இடத்துல நின்னவங்க நுரையீரல் வெந்துபோயிடும். குப்பியில இருந்த அளவு ஒரு கூட்டத்தையே சாய்ச்சிடும்."

சண்முகப்ரியா ரெயின்கோட்டை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "திருடுனவன் அடுப்புல வைப்பான்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற எதுக்கு மேடம் பாதரசம்? நகை வேலைக்குன்னாலும் சுடணும், பாதரசத்தை இறுக வச்சு ரசமணின்னு மருந்து மணி கட்டுறேன்னு கிளம்பினாலும் சுடணும்."

திறந்த சன்னல் வழியே பார்த்த வேல்விழிக்கு ஊர் முழுக்கப் புகையாகத் தெரிந்தது. டீக்கடை அடுப்பு, இட்லிக் கடை, தூரத்தில் ஏதோ ஒரு சூளை. இதில் எந்தப் புகையில் இருக்கிறது அது? யார் செத்தாலும், அந்த ஆணியில் சாவியை மாட்டியது அவள்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டங்க மேடம். ஏப்ரன்ல விட்டுட்டுப் போயிட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"பஜ்ஜி தின்னு டீ குடிக்கிற நேரம்."

"அப்ப உள்ள யாரு?"

"எங்க க்ளாஸ்ல படிக்கிற பாரி ஒருத்தன் வெளிய வரல. பெஞ்சில பச்சமுத்து அண்ணனும் அவரு சம்சாரம் ராஜாம்பாக்காவும் உக்காந்திருந்தாங்க."

டாக்டர் குறுக்கிட்டார். "அவங்க ஆய்வுக்கு வந்தவங்க மேடம். செராமிக் யூனிட்ல ரெண்டு பேரும் வேலை பாக்கறாங்க. அந்தம்மா புகையிலை போடறவங்க. உள்கன்னத்துல வெள்ளைப் படை இருக்குது. சதை எடுத்துப் பரிசோதிக்கணும்னு புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். பாவம், ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாங்க. அவங்களுக்குப் பாதரசம் எதுக்கு?"

"சரி. அந்தப் பாரி எங்க வேலை பாக்கறான்?"

டாக்டர் தயங்கினார். "பகல்ல நாட்டு மருந்துக் கடையில."

சண்முகப்ரியா தன்னோடு வந்த கான்ஸ்டபிளைப் பார்த்துக் கை காட்டினார். கான்ஸ்டபிள் பைக்கில் போய்ப் பாரியை அழைத்து வந்தார். இருபத்திரண்டு வயது, எப்போதும் ஏதாவது நக்கலடித்துக்கொண்டிருக்கும் பையன். இன்றைக்கு முகம் வெளுத்திருந்தது.

"கடையில பாதரசம் விக்கிறியா?"

"இல்லீங்க மேடம். கேட்டு வராங்க, ஓனர் விக்க மாட்டாரு."

"எல்லாரும் பஜ்ஜி திங்கப் போனப்ப நீ ஏன் போகல?"

"எனக்கு வயிறு சரியில்லீங்க. பாத்ரூம்ல இருந்தேன்." பாரி வேல்விழியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இத போயி டயரில எழுதிடாத."

யாரும் சிரிக்கவில்லை. சண்முகப்ரியாவின் கண் அவன் வலது கையில் நின்றது. மோதிர விரலில் வெளுத்த தடம் ஒன்று வளையமாகத் தெரிந்தது.

"மோதிரம் எங்க?"

"அது... நேத்து க்ளாஸுக்குக் கழட்டுனேன்."

"தங்கமா?"

"ஆமாங்க."

டாக்டர் மெதுவாகச் சொன்னார், "பாதரசம் பட்டா தங்கம் வெள்ளி மாதிரி ஆயிடும் மேடம். தேய்ச்சாலும் போகாது."

"அப்ப வெளுத்துப்போன மோதிரத்தைப் போட்டுக்கிட்டு வர முடியாது. அதானே தம்பி?"

"ஐயோ, மேடம்! கழட்டி எங்கியோ வச்சேன். தேடிட்டுதான் இருக்கேன். அம்மா நேத்தே வூட்டுல ஏசிட்டாங்க."

வேல்விழி குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் அவளுக்கு விளங்கும். முதலில் மூடி. திருகு மூடி, அதில் ஒன்றுமில்லை. அதன் உள்ளே வாயை இறுக அடைக்கும் ரப்பர் அடைப்பான். டாக்டரே நேற்று அதைப் பிடுங்கக் குறடு தேடினார். கையுறை போட்டுக்கொண்டு அடைப்பானைத் திருப்பினாள். விளிம்பில் அருகருகே இரண்டு பள்ளங்கள். அடிப்பக்கத்தில் எதிரே இன்னும் இரண்டு, சிறியவை.

"டாக்டர், இது குறடு பட்ட தடம் இல்லீங்க. நீங்க நேத்து துணி சுத்தித்தான் பிடிச்சீங்க." அவள் அடைப்பானை வெளிச்சத்தில் காட்டினாள். "தப்பாவும் இருக்கலாம். பல்லு மாதிரி இருக்குது."

டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "பல்லேதான். மேல் முன்பல் ரெண்டு, கீழ ரெண்டு. கடிச்சு இழுத்திருக்கான் பாவி."

"பாதரசக் குப்பியைப் பல்லால எவன் சார் திறப்பான்?"

"இந்த ஊர்ல பாதிப் பேரு திறப்பாங்க மேடம். எங்க ஆய்வுல பார்த்ததே அதுதான். கையெல்லாம் களிமண் கரைசல். பவுடர் மூட்டையோட கயிறு, பெயின்ட் டப்பா மூடி, எல்லாம் பல்லாலதான் திறப்பு. முன்பல் நுனி தேய்ஞ்சு, உடைஞ்சு இருக்கும். வேண்டாம்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கை போறதுக்கு முன்னாடி வாய் போயிடும் அவங்களுக்கு."

"அப்ப ஊரே சந்தேகக் கேஸு," என்றார் சண்முகப்ரியா. "முதல்ல இவன் மோதிரத்தைத் தேடுங்க."

கான்ஸ்டபிள் தேடினார். மோதிரம் கை கழுவும் தொட்டியில், சோப்புப் பெட்டிக்குள் கரைந்துபோன சோப்போடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீரில் காட்டினார்கள். மஞ்சளாகப் பளபளத்தது. பாரி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மஞ்சள் மோதிரம் வேல்விழியை விடவில்லை. நேற்று எல்லோரும் தங்கத்தைக் கழற்றினோம். மோதிரம், தோடு, வளையல். கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றினோம். கழற்ற முடியாத தங்கம் ஒன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"மேடம்... நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. பச்சமுத்து அண்ணனுக்கு மேல் முன்பல்லு தங்கம். இருபது வருஷமா போட்டிருக்காரு. சிரிச்சா அதுதான் முதல்ல தெரியும். அதைக் காட்டறதுக்குன்னே சிரிப்பாரு."

"அதனால?"

"இன்னைக்குக் காலையில நான் ஷட்டரத் தூக்கும்போதே போன் பண்ணாரு. தங்கத்த எடுக்கணும், இன்னைக்கே எடுக்கணும், புதுசு அப்புறம் வச்சா போதும்னாரு. அழகுக்கு மாத்தறவங்க புதுப் பல்லு எப்ப வரும்னுதாங்க கேப்பாங்க. பல்லே இல்லாம இருந்தாலும் பரவால்லன்னு யாரு சொல்லுவாங்க?" வேல்விழி அடைப்பானில் இருந்த பள்ளத்தைச் சுட்டினாள். "கடிச்சு இழுத்தப்ப அடைப்பான்ல ஒட்டியிருந்த பாதரசம் பல்லுல பட்டிருக்கும். தங்கம் வெளுத்திருக்கும். வாயைத் தொறந்தா தெரிஞ்சிடும். பஜ்ஜி நேரத்துல உள்ள இருந்தவங்கள்ல வாயில தங்கம் இருந்தவரு அவர் ஒருத்தருதாங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தங்கத்தைக் கழட்டுங்கன்னு நானே நேத்து சொன்னேன். வாய்க்குள்ள இருக்கிற தங்கம் பல் டாக்டரான எனக்கே தோணல."

"ஆனா எதுக்கு? நீங்கதானே சொன்னீங்க, அவங்களுக்குப் பாதரசம் எதுக்குன்னு?"

பாரி வாயைத் திறந்தான். "மேடம், எங்க கடைக்கு ரசம் கேட்டு வரவங்கள்ல பாதிப் பேரு தீராத வியாதி வந்தவங்க வூட்டு ஆளுங்கதான். ரசமணி கட்டிப் பால்ல போட்டுக் குடுத்தா சரியாயிடும்னு எவனாவது சொல்லியிருப்பான்."

வேல்விழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் கேட்ட இன்னொரு வார்த்தை அப்போதுதான் காதில் விழுந்தது.

"மேடம், பதினோரு மணிக்கு அவரு சூளை பத்த வைக்கணும்னாரு."

கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது.

ஜீப் கிளம்பியது. பச்சமுத்து போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, முடிவே இல்லாததுபோல், பெட்டி பெட்டியாக நகர்ந்தது. சண்முகப்ரியா ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பின்சீட்டில் டாக்டருக்குப் பக்கத்தில் வேல்விழி கண்ணை மூடினாள். மூடினால் சூளைதான் தெரிந்தது. சூளை வாசலில் நிற்பது யார் என்று நேற்று ராஜாம்பாள் சொன்னதும் நினைவு வந்தது. "தீ பத்துறப்ப பக்கத்துல நின்னு பாக்குறது நான்தான் கண்ணு. அந்தாளுக்குப் பத்த வைக்கத் தெரியும், பாத்துக்கத் தெரியாது."

கேட் திறந்தது.

தகரக் கொட்டகைக்குள் அடுக்கடுக்காக அகல்விளக்குகள், குதிரைகள், வெள்ளைப் பிள்ளையார்கள். ஐந்தாறு பெண்கள் கடைசித் தட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சூளைக் கதவு பாதி மூடியிருந்தது. பர்னருக்குப் பக்கத்தில், துண்டால் தாடையோடு சேர்த்து வாயைக் கட்டிக்கொண்டு, பச்சமுத்து குனிந்திருந்தார். கையில் லைட்டர்.

"கையை எடுய்யா!"

சண்முகப்ரியாவின் குரலில் கொட்டகையே நின்றது. பச்சமுத்து நிமிர்ந்தார். போலீஸைப் பார்த்தார். பின்னால் நின்ற வேல்விழியைப் பார்த்ததும் லைட்டர் தானாகக் கீழே விழுந்தது.

வேல்விழி கிட்டே போனாள். "அண்ணே, துண்டை எடுத்துட்டு வாயைத் தொறங்கண்ணே. நேத்து தொறந்த மாதிரி."

அவர் அவிழ்த்தார். முன்பல் ஈயம் மாதிரி வெளிறிக் கிடந்தது.

"கண்ணாடியில பாத்தேன் பாப்பா," என்றார். "பல்லு செத்துப்போன மாதிரி இருந்துது. ராத்திரியெல்லாம் தூங்கல. நானும் செத்துடுவேனோன்னு நெனச்சேன்."

"எங்க அது?" என்றார் சண்முகப்ரியா.

அவர் விரல் சூளைக்குள் காட்டியது. அகல்விளக்குகளுக்கு நடுவே சின்ன ஊறுகாய் ஜாடி ஒன்று, மூடியைச் சுற்றித் துணியும் களிமண்ணுமாகப் பூசி, முழுக்கக் காய்ந்து இருந்தது. அந்தத் தட்டுக்கு நேர் எதிரில், கதவைத் தள்ளக் கை வைத்தபடி, ராஜாம்பாள் நின்றிருந்தாள்.

"இது இன்னா?" என்றாள் அவள். "பொம்மை ஏத்தறப்ப கேட்டேன், சாமிக்குன்னு சொன்னியே?"

"ஒனக்குத்தான்டி." பச்சமுத்து அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "டாக்டரு புதுச்சேரின்னு எழுதிட்டாரு. புதுச்சேரின்னா இன்னான்னு யாரு சொல்லணும்? எங்க அண்ணன் போயி திரும்பி வந்தானா? மணி கட்டிக் குடுத்தா போதும், கத்தி வைக்க வேணாம்னு அண்ணன் போறப்பவே ஒருத்தரு சொன்னாரு. பாப்பா சாவிய விட்டுட்டுப் போனதப் பாத்து, நீ வாய் கொப்பளிக்கப் போனப்ப தண்ணி பாட்டில்ல ஊத்திக்கிட்டேன்."

டாக்டர் அவர் தோளைப் பிடித்தார். "பச்சமுத்து, அது புற்றுன்னு நான் சொல்லவே இல்லை. இல்லைன்னும் சொல்லல. பார்த்தாத்தான் தெரியும்னு சொன்னேன். இந்த ஜாடி சூட்டுல வெடிச்சிருந்தா முதல்ல மூச்சுல வாங்கறது யாரு தெரியுமா? கதவுகிட்ட நிக்கறவங்க."

பச்சமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ராஜாம்பாள் அழவில்லை. மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துத் தூர எறிந்தாள். "எனக்குத் தெரியாம எனக்கு வைத்தியம்! கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், எனக்கும் பயமாத்தான் இருக்குதுன்னு." பிறகு டாக்டரிடம், "இவரு கூட வந்தா ஆஸ்பத்திரி வாசல்லயே மயக்கம் போட்டுடுவாரு சாரு. நான் யார் கூடப் போறது?"

சண்முகப்ரியா ஜாடியைக் கையுறையோடு வாங்கி வாளியில் வைத்தார். "திருட்டுக் கேஸு கேஸுதான் பெரியவரே. அதுக்கு முன்னாடி இவருக்கும் ஒரு டெஸ்ட் எடுங்க சார். பல்லுல பட்டது உள்ள எவ்ளோ போச்சோ."

"நான் வரேங்கக்கா," என்றாள் வேல்விழி. சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்று தெரிந்தது.

அன்று மாலை வகுப்பு முடிந்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன்பு, பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினாள்.

19.11.2025, புதன்

நேற்று எழுதாமல் விட்ட தவறு: சாவியை ஏப்ரனில் விட்டேன். பாதரசம் முழுவதும் கிடைத்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நாளை: அலமாரிச் சாவியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, காலை முதல் பஸ்ஸில் ராஜாம்பாள் அக்காவைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போக வேண்டும். சதை எடுக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும்.